தம்பி பொண்டாட்டி விழுங்காத மாத்திரை

அடுத்தவங்க பாக்கெட்டில் கை விடுவதுதான் என் தொழில். திருட்டு இல்லை, சலவைக் கடை. துணியை மெஷினில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பாக்கெட்டாகத் துழாவிப் பார்க்கணும். ஒரு பேனா தப்பிப் போனால் ஒரு மூட்டை சட்டை நாசம். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கருமத்தைச் செய்கிறேன். மூக்குச் சிந்திய கைக்குட்டை, மென்று துப்பிய பபிள்கம், பாதி தின்ற பிஸ்கட், ஒரு தடவை யாரோ பிடுங்கிக்கொண்ட கடைவாய்ப் பல். சீ! வெளியே மடிப்புக் கலையாமல் திரிகிறார்கள், உள்ளே இதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் தொட்ட இந்தக் கை, இதைவிட அசிங்கமான வேலை ஒன்றை என் சொந்த வீட்டில் செய்தது. என் தம்பி பொண்டாட்டியின் அலமாரியில். அதைத்தான் சொல்லப் போகிறேன். கேட்டு முடித்ததும் என்னைக் காறித் துப்பத் தோன்றினால் துப்பிக்கொள்ளுங்கள்.

அவளைத் திருகாணி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடிக் காம்பில் இருக்கிற அந்தப் பொடிப்பொடித் திருகாணிகளைச் சாமணத்தால் எடுத்து, துளையில் நிறுத்தி, முறுக்குவாள். எறும்பு முட்டை அளவுதான் இருக்கும். கட்டை குட்டையாக, கொழுகொழுவென்று, எதைச் சொன்னாலும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிற பெண். தம்பி பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே சொன்னான்: "அக்கா, அவ உருண்டைதான். ஆனா கை அசையவே அசையாது, பாத்துக்கிட்டே இருக்கலாம்." அந்தக் கையைப் பார்த்துத்தான் கட்டினான்.

என் தம்பி இறைச்சித் தொழிற்சாலையில் இருக்கிறான். மாடு ஒரு பக்கம் உள்ளே போகும், பொட்டலமாக மறுபக்கம் வெளியே வரும். நடுவில் வரிசையாக மேஜைகள், ஒவ்வொரு மேஜைக்கும் மாட்டின் ஒவ்வொரு பாகம். இவனுக்குக் கழுத்து. தொங்கிக்கொண்டே நகர்ந்து வருகிற கழுத்திலிருந்து கறியை வழித்தெடுக்கிறது. பத்தொன்பது வருஷமாகக் கழுத்து, கழுத்து, கழுத்து. அங்கே அவனுக்குப் பெயரே கழுத்துதான். வீட்டுக்கு வந்தால் குளித்த பிறகும் அந்த வாடை போகாது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அவன் சட்டையை எடுப்பேன்.

சனிக்கிழமை ஆனால் வேலையாட்களுக்கு வழித்தெடுத்த சில்லறைக் கறி கொடுப்பார்கள். ஒரு பை நிறைய இவன் கொண்டுவருவான். இவன் தின்னமாட்டான். நாள் பூரா அதையே பார்க்கிறவனுக்கு எப்படி இறங்கும்? எனக்குப் பச்சைக் கறி வாடையே குமட்டும். ஆக வீட்டில் தின்கிறவர்கள் இரண்டே பேர், அம்மாவும் திருகாணியும். கொத்திப் பிசைந்து வேகவைத்தால் அது வாரம் பூரா வரும்.

அந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு நாள் பையைப் பிரித்துக்கொண்டே சொன்னான்: "இப்பல்லாம் கழுத்தோட மெத்துனு ஒரு துண்டு வருது. ஈரல் மாதிரி. நல்லா இருக்கும்னு தோணுது." கருஞ்சிவப்பாக, வழவழவென்று, கட்டை விரல் நீளத்துக்கு இரண்டு மூன்று துண்டுகள். அவன் அதைத் தனியாக எடுத்து வைத்து, "இது இவளுக்கு" என்றான். பாசமாம். அதற்கப்புறம் சனிக்கிழமை தோறும் அந்த மெத்துத் துண்டு அவளுக்குத்தான்.

மூன்று மாதத்தில் திருகாணி இளைக்க ஆரம்பித்தாள். முதலில் அவளுக்கே சந்தோஷம். கண்ணாடி முன்னால் நின்று இடுப்பைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு, "அண்ணி, ஒரு வழியா என் கொழுப்பு குறையுது பாருங்க" என்று சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை நான் மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன். பின்னால் அதையே அவள் மேல் வீசப் போகிறேன் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியுமா, எனக்குத்தான் தெரியுமா?

அப்புறம் சந்தோஷம் போய்விட்டது. குளிருகிற ராத்திரியிலும் ஜன்னலைத் திறந்து போட்டுக்கொண்டு வியர்வையில் நனைந்து கிடந்தாள். தட்டு நிறையத் தின்பாள், ஆனாலும் எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை கக்கூஸுக்கு ஓடினாள். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று என் கையை எடுத்து வைத்துக் காட்டினாள், அடித்தது உண்மைதான். சிரிக்கிற பெண் சள்ளென்று விழ ஆரம்பித்தாள். டம்ளரை நங்கென்று வைத்தேன் என்று என்னோடு ஒரு நாள் முழுக்கச் சண்டை. பதிலுக்கு நானும் விடவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, கை நடுங்கியது. சாமணத்தில் எடுத்த திருகாணி துளைக்குள் போகாமல் கீழே விழுந்தது. ஒன்று, இரண்டு, பத்து. கடைக்காரர் நல்ல மனுஷன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம், "உடம்பைக் காட்டிட்டு வாம்மா, உன் இடம் எங்கயும் போயிடாது" என்று அனுப்பிவிட்டார். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். பார்க்கவே பாவமாக இருந்தது. பாவமாக இருந்தது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

தம்பி அவளை டாக்டரிடம் கூட்டிப் போனான். நானும் கூடப் போனேன். ரத்தம் எடுத்தார்கள், தைராய்டு என்றார்கள். தொண்டைக் குழிக்குக் கொஞ்சம் கீழே, மூச்சுக்குழாயை ஒட்டி ஒரு சுரப்பி இருக்கிறதாம். உடம்பு எவ்வளவு வேகத்தில் ஓடணும் என்பதை அதில் ஊறுகிற ஹார்மோன்தான் முடிவு செய்யுமாம். அது அதிகமானால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தின்றது உடம்பில் ஒட்டாது. இவளுக்கு ரத்தத்தில் அந்த ஹார்மோன் ஏகத்துக்கும் இருந்தது. அதுவரைக்கும் சரி. ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் இவளுடைய சுரப்பி வேலையே செய்யவில்லை. சும்மா கிடந்தது. வேறொரு ரத்தப் பரிசோதனையிலும் அதே கதை. சுரப்பி வேலை செய்தால் அதனோடு சேர்ந்து ரத்தத்தில் கலக்கிற ஒரு புரதம் உண்டாம், அது இவளுக்கு இல்லவே இல்லை.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "எவ்வளவு நாளா மாத்திரை சாப்பிடறீங்க?"

"எந்த மாத்திரை?" என்றாள்.

"தைராய்டு மாத்திரை. இளைக்கறதுக்குன்னு திருட்டுத்தனமா நிறைய பேர் முழுங்கறாங்க. உங்க சுரப்பி தூங்குது, ஹார்மோன் வெளியிலேர்ந்து வருது. வானத்துலேர்ந்தா கொட்டும்?"

"சத்தியமா நான் எதுவும் சாப்பிடல டாக்டர்."

"எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க." இதை அவளிடம்கூடச் சொல்லவில்லை, என் தம்பியைப் பார்த்துச் சொன்னார். என்ன சாப்பிடுகிறீர்கள், வீட்டில் யார் யார், புருஷனுக்கு என்ன வேலை, ஒரு கேள்வி கிடையாது. நெஞ்சுப் படபடப்புக்கு ஏதோ எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினார்.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது தம்பி கேட்டான், "யாருக்காக இளைக்கற?" தூ, என்ன கேள்வி அது! அவள் முகம் வெளிறிப் போய் நின்றாள். நானாவது அவன் வாயை அடைத்திருக்க வேண்டாமா? அடைக்கவில்லை. "கொழுப்பு குறையுதுன்னு இவதான் என்கிட்ட குதிச்சாளே" என்று எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் அலமாரியைத் திறந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். பாக்கெட், மடிப்பு, தையல் ஓரம், தலையணை உறை, உள்ளாடை. ஆமாம், உள்ளாடையும்தான். பழகின கை, எதையும் விடவில்லை. ஒரு சின்ன டப்பாவுக்குள் வெள்ளை வெள்ளையாக நாலு கிடைத்தது. "டேய், வாடா இங்க!" என்று வீடே அதிரக் கத்தினேன். அவன் ஓடி வந்தான், அம்மா ஓடி வந்தாள், ஈரத் தலையோடு திருகாணியும் வந்தாள். வந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அண்ணி, அது கண்ணாடியோட மூக்குல வைக்கிற ரப்பர். அமுக்கிப் பாருங்க."

அமுக்கினேன். ரப்பர்தான். மானம் போனது. மானம் போனதற்கு நான் வெட்கப்பட்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். எனக்குக் கோபம்தான் வந்தது. "அப்ப நிஜ மாத்திரையை எங்க ஒளிச்சு வெச்சிருக்க?" என்று கேட்டேன்.

அதற்கப்புறம் அவளைக் காவல் காக்க ஆரம்பித்தோம். எங்கே போனாலும் பின்னாலேயே ஒரு ஆள். காலையில் எழுந்ததும் அம்மா அவளை ஜன்னல் பக்கம் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்வாள். நாக்கைத் தூக்கு, இந்தப் பக்கம் காட்டு, அந்தப் பக்கம் காட்டு. சந்தையில் மாடு வாங்குகிறவன் பல்லைப் பார்க்கிற மாதிரி நானும் குனிந்து பார்ப்பேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அவள் வாயைத் திறந்துகொண்டு, கண்ணை மட்டும் மூடிக்கொள்வாள்.

இன்னொரு பக்கம், "பொண்டாட்டி துரும்பாயிட்டாளே" என்று என் தம்பி அந்த மெத்துத் துண்டை இரண்டு பங்காகக் கொண்டுவர ஆரம்பித்தான். கூட வேலை செய்கிறவர்கள் பங்கையும் கேட்டு வாங்கி வருவான். சந்தேகமும் படுவான், ஊட்டியும் விடுவான். அவள் நடுங்குகிற கையால் தட்டை வாங்கித் தின்பாள். நாங்கள் சுற்றி உட்கார்ந்து, தின்று முடித்ததும் மறுபடி வாயைப் பார்ப்போம்.

ஒரு நாள் அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவனிடம் நேராகக் கேட்டாள். "ஒரே ஒரு வார்த்தை. நீங்க என்னை நம்பறீங்களா, இல்லையா?"

"டாக்டர் எதுக்குப் பொய் சொல்லணும்?" என்றான்.

அவள் ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வாசல் வரைக்கும் நான் போனேன், வழியனுப்ப இல்லை, பையில் மாத்திரை எதையாவது சேர்த்து எடுத்துப் போகிறாளா என்று பார்க்க.

இரண்டு மாதம் போனது. கேள்விப்பட்டோம், திருகாணி தேறிவிட்டாளாம். உடம்பு பிடித்துவிட்டது, கை நடுக்கம் நின்றுவிட்டது, கண்ணாடிக் கடைக்குத் திரும்பப் போகிறாளாம். புதிதாக எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளைக் கூடத் தம்பிக்கு அனுப்பினாள், எல்லாம் சரியாக இருந்தது. ஓரத்தில் அவள் கையெழுத்தில் ஒரு வரி: "இப்பவாவது நம்புங்க." நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் தலையை ஆட்டினோம். "பாத்தியா, மாட்டிக்கிட்டதும் மாத்திரையை நிறுத்திட்டா" என்றேன் நான். வேறு யார்?

அவள் போனதும் மெத்துத் துண்டு முழுக்க அம்மா தட்டுக்கு வந்தது. பல் போன வாய்க்கு அது வசதி. கொஞ்ச நாளில் அம்மா தூங்காமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள். வியர்த்துக் கொட்டியது. ஸ்பூனை எடுத்தால் பாதி வழியிலேயே சிந்தியது. மருமகள் போன கவலை என்று நாங்களே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டோம். ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சு தாறுமாறாகத் துடிக்கிறது, இந்த வயசில் இது உயிருக்கே ஆபத்து என்று சொன்னார்கள். ஹார்மோன் டாக்டரம்மா ஒருத்தர் வந்து பார்த்தார். அதே ரத்தப் பரிசோதனை, அதே ஸ்கேன். ஹார்மோன் ஏகத்துக்கும் இருந்தது, சுரப்பி தூங்கியது.

"அம்மா மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களா?" என்று கேட்டார்.

"எங்கம்மாவா? சத்தியமா இல்ல டாக்டர்!" என்று நானும் தம்பியும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவரும் சரி என்று தலையாட்டினார். அவ்வளவுதான். யாரும் அம்மா தலையணையைத் தடவவில்லை.

"வீட்ல வேற யாருக்காவது இப்படி வந்திருக்கா?"

தம்பி சுவரைப் பார்த்தான். நான்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்கு அருவருப்பாக இருந்தது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பெண் வீட்டை விட்டுப் போனதும் தேறினாளா? ஆமாம். ரெண்டு பேரும் சாப்பிட்டு, நீங்க ரெண்டு பேரும் சாப்பிடாதது எது? கறி. என்ன கறி? அப்போதுதான் தம்பி வாயைத் திறந்தான். "கழுத்துக் கறி. நான் கழுத்து மேஜையில இருக்கேன்."

அவர் ஒரு தாளை எடுத்து மாட்டின் மூச்சுக்குழாயை வரைந்தார். அதன் இரண்டு பக்கமும் கருப்பாக இரண்டு பட்டை தீட்டினார். "இந்த மாதிரி ஏதாவது சேர்ந்து வருதா? கருஞ்சிவப்பா, மெத்துனு?"

தம்பியின் முகம் செத்துப் போனது.

மறுநாள் ஒரு துண்டைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு போனோம். அவர் கையுறை போட்டுக்கொண்டு அதை விரித்துக் காட்டினார். நமக்கு இருக்கிற மாதிரி மாட்டுக்கும் தைராய்டு சுரப்பி உண்டு, இதுதான் அது, இது பூரா ஹார்மோன், வேகவைத்தாலும் வறுத்தாலும் சாகாது என்றார். வெளியிலிருந்து இவ்வளவு வந்து சேர்ந்தால் மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி, போதும் என்று நினைத்து, சுரக்கச் சொல்லி உத்தரவு போடுவதை நிறுத்திவிடும், நம்முடைய சொந்தச் சுரப்பி தூங்கிவிடும். "அந்தப் பொண்ணு சொன்னது முழுக்க உண்மை. அவங்க முழுங்கல. நீங்கதான் முழுங்க வெச்சிருக்கீங்க." நான் வெளியே ஓடிப் போய் வராந்தா ஓரத்தில் வாந்தி எடுத்தேன்.

தொழிற்சாலையில் போய்க் கேட்டால் அதைவிடக் கேவலம். கழுத்து மேஜைக்கு முன்னால் ஒரு வயசான ஆள் நின்று இந்தச் சுரப்பியை மட்டும் கிள்ளியெடுத்துத் தனி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாராம். போன வருஷக் கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். வரிசை வேகமாக நகரணும் என்று அந்த இடத்துக்கு வேறு ஆளே போடவில்லை. என் தம்பி பத்தொன்பது வருஷமாக அவருக்குப் பக்கத்தில் நின்றவன். அவர் எதைக் கிள்ளுகிறார், எதற்குக் கிள்ளுகிறார் என்று ஒரு நாள் கேட்டதில்லை. அவர் போனதும் புதிதாக ஒரு துண்டு வருகிறதே என்று சந்தோஷப்பட்டு வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வந்தான். மேற்பார்வையாளர் தோளைக் குலுக்கி, "சில்லறைக் கறி இலவசமாத்தானே குடுக்கறோம்" என்றார். அவர் மூஞ்சியிலேயே துப்பியிருப்பேன், தம்பி என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அம்மா பிழைத்துவிட்டாள். கறியை நிறுத்தினதும் நெஞ்சு மெல்ல அடங்கியது. டாக்டரம்மா எல்லாவற்றையும் விவரமாக ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு நானும் தம்பியும் திருகாணி வீட்டுக்குப் போனோம். தம்பி வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான். எல்லாம் தீர்ந்தது, கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று அவன் எண்ணம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அவளே கதவைத் திறந்தாள். பழைய உருண்டை முகம் திரும்பியிருந்தது. உள்ளே உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், "அத்தை எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். தேறிவிட்டாள் என்றதும் நிஜமாகவே பெருமூச்சு விட்டாள். தம்பி கடிதத்தை நீட்டினான். நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். கை கொஞ்சமும் ஆடவில்லை.

"மன்னிச்சிடும்மா, என் மேலதான் தப்பு" என்று நான் ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

"கிளம்பு, வீட்டுக்குப் போலாம்" என்றான் தம்பி. "அதான் எல்லாம் தெரிஞ்சு போச்சே. நீ சொன்னது உண்மைன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்க."

"அந்தச் சுரப்பி கறியில இல்லாம இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

"அதான் இருந்துச்சே!"

"இருந்துச்சு. என்னை நம்பறதுக்கு உங்களுக்கு ஒரு மாட்டுக் கழுத்து வேண்டியிருந்துச்சு. அடுத்த தடவை எதை வெட்டிப் பாப்பீங்க?"

தம்பி என்னைப் பார்த்தான், ஏதாவது சொல்லு அக்கா என்கிற மாதிரி. அவள் கடிதத்தை மடித்து அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைக்கு நேரமாகிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். நாங்கள் எழுந்து வெளியே வந்தோம், அவள் கதவைப் பூட்டினாள்.